மொட்டைமாடி அருவி

செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிடப் போகிறவர்கள் பசியோடு போவார்கள். அக்கா தூக்குவாளியோடு போவாள். வாளிக்குள் அவள் வீட்டில் வைத்த சால்னா இருக்கும்.

கடைக்காரர் முதல் தடவை அதைப் பார்த்தபோது, அவளிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த நானும் உடன் இருந்தேன். இலையில் பரோட்டாவைப் போட்டுவிட்டுச் சால்னாவை ஊற்ற வந்தவர், அக்கா கையால் இலையை மறைத்ததும் நின்றுவிட்டார்.

"எங்க சால்னாவுக்கு என்னம்மா கொறச்சல்?"

"கொறச்சல்னு சொல்லல அண்ணாச்சி. உள்ள என்ன போட்டிருக்கியன்னு எனக்குத் தெரியாதுல்லா."

"பரோட்டாவுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியுமாக்கும்? அதையும் வீட்லயே தட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அதான் பழகிட்டிருக்கேன். வீச்சு இன்னும் வரல."

பக்கத்து மேசைக்காரருக்குப் புரையேறிவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பழகிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மைதா மாவு ஒட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எம் பேரை நீ எதுக்குட்டி எழுதுத? எனக்கே எழுதத் தெரியும்" என்பாள்.

எதையும் அடுத்தவர் செய்து அவள் வாங்கக் கூடாது. அதுதான் அக்கா. சட்டை அவளே தைத்தது. ஒரு கை நீளமாக இருக்கும். முடி அவளே வெட்டியது. அதைப் பற்றி எழுத வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அருவி. தென்காசியில் வீடு, ஒரு டவுன் பஸ் ஏறினால் குற்றாலம். எந்தெந்த ஊரிலிருந்தோ வேன் பிடித்து வந்து ஜனங்கள் தலையைக் கொடுக்கிற தண்ணீர் பக்கத்திலேயே கொட்டுகிறது. அக்கா மட்டும் போகமாட்டாள். "அந்தக் கூட்டத்துல எவ தேச்ச எண்ணெ எவ தலையில வழியுதுன்னு யாரு கண்டா?" என்பாள். அதனால் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பெரிய பைப் இறக்கி, அதில் துளை போட்டு, கீழே பாறாங்கல் அடுக்கி, மோட்டார் வைத்துத் தனக்கென்று ஓர் அருவி செய்திருந்தாள். சாரல் வேண்டுமென்றால் பைப் முன்னால் மேசை விசிறியைத் திருப்பி வைக்க வேண்டும்.

அந்த மொட்டைமாடியை மட்டும் அவள் கட்டவில்லை, அவள் அப்பா கட்டியது. வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலும் அவர் விட்டுப்போனது. அதையெல்லாம் இரவல் என்று அக்கா எந்தக் காலத்திலும் கணக்கில் சேர்த்ததில்லை.

பெங்களூரில் சில வருடம் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவள் அவள். ஏன் வந்தாள் என்று கேட்டால், "அங்க ஒருத்தனும் எழுதுததில்லட்டி. எல்லாவனும் ஒட்டுதான்" என்பாள். ஊருக்கு வந்து, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மிக்சர் கடைக்கு மேல் ஒற்றை அறை பிடித்து, கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் புரோகிராம் எழுதித்தர உட்கார்ந்தாள். கோபுரக் காற்று ஜன்னல் வழியாக வந்து அவள் காகிதங்களைக் கலைக்கும். காகிதத்தின் மேல் வைக்கிற கல்லைக்கூட அவளே சிமெண்டில் வார்த்திருந்தாள்.

ஒட்டுவது என்று அவள் சொன்னது லைப்ரரியை. எங்கள் தொழிலில் லைப்ரரி என்றால், யாரோ எழுதி, ஆயிரம் பேர் சோதித்து, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்த புரோகிராம் மூட்டை. தேதி பார்க்க ஒரு மூட்டை, ரசீது அச்சடிக்க ஒரு மூட்டை. கல்யாணத்துக்கு அண்டாவை வாடகைக்கு எடுக்கிறோமே, அதுபோல. அக்கா அண்டாவையும் அடித்துச் செய்வேன் என்கிற கட்சி.

நான் அந்த அறைக்கு வேலை கேட்டுப் போனபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "சொந்தமா என்னத்த எழுதத் தெரியும்?"

"எங்க வீட்ல எழுதுத மொத ஆளே நாந்தாங்கா."

"அது கெடக்கட்டும். நூறு சாமான் வெலையச் சின்னதுல இருந்து பெருசா அடுக்கச் சொன்னா என்ன செய்வ?"

"அதுக்கு ஒரு வரி போதும்லாக்கா. லைப்ரரியக் கூப்பிட்டா..."

சால்னாவில் பூச்சி கிடந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "இரவல் இங்க ஆகாது. லைப்ரரி செத்துப்போச்சுன்னு வச்சுக்க. இப்ப எழுது."

எழுதினேன். வரிசை சரியாகத்தான் வந்தது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் சொன்ன 'இரவல்' என்கிற சொல் மட்டும் எனக்கு உறுத்தியது. அச்சன்புதூரில் எங்கள் வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் கைநாட்டு. நான் படித்த பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் வேறொருத்தி பெயர் அடிக்கப்பட்டு, அதன் கீழே என் பெயர் இருக்கும். நான் வெட்கப்பட்டதே இல்லை. எனக்கு முன்னால் படித்தவள் முக்கியமான இடத்தில் எல்லாம் அடிக்கோடு போட்டு வைத்திருப்பாள். புதுப் புத்தகம் வாங்கியவளுக்கு அந்த அடிக்கோடு கிடைக்காது. எல்லாம் சொந்தமாகத்தான் என்று சொல்ல, முதலில் கொஞ்சமாவது சொந்தம் இருக்க வேண்டும்.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. வேலை வேண்டியிருந்தது. எனக்கு மட்டுமல்ல, என் தங்கச்சி செல்விக்கும். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அம்மா பீடி சுற்றுகிற தட்டை மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லியிருந்தாள்: "ஒன்னையப் படிக்க வச்சாச்சு. வேலை நெலைக்கான்னு பாப்போம். நெலைச்சா செல்வியும் காலேஜுக்குப் போவட்டும். இல்லன்னா அவளுக்கும் ஒரு தட்டு வாங்கிருதேன்."

அக்காவும் ஒரு நிபந்தனை வைத்தாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு ரூம் பதிவு செய்கிற புரோகிராம். எங்களுக்கு அப்போது மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கை அதுதான். அது சீசனில் ஒழுங்காக ஓடினால் நான் நிரந்தரம். ஓடாவிட்டால் அறைக்கே பூட்டு.

அறையில் மூன்றாவது ஆள் சண்முகம். இலஞ்சிக்காரன். அக்காவுக்கு நேர் எதிர்க்கட்சி. ஏற்கெனவே எவனோ செய்து வைத்ததைத் திரும்பச் செய்கிறவன் முட்டாள் என்பது அவன் கொள்கை. அவன் புரோகிராமில் அவன் எழுதியது அவன் பெயர் மட்டும்தான், மற்றதெல்லாம் மூட்டைகள். ஏதாவது மூட்டை பழுதானால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இணையத்தில் கேள்வியைப் போட்டுவிட்டு, எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் தூங்கி எழுந்து பதில் சொல்லும் வரை கீழ்க்கடை மிக்சரைத் தின்றுகொண்டிருப்பான். அக்கா அவனை ஏன் வேலையில் வைத்திருந்தாள் என்றால், திட்டுவதற்கு ஆள் வேண்டுமே. அதை மட்டும் தனியாகச் செய்ய முடியாது.

லாட்ஜ் அண்ணாச்சியை மூன்று பேரும் போய்ப் பார்த்தோம்.

"ரேட்டு எப்படி அண்ணாச்சி போடுவிய?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணியப் பாத்துத்தான். அருவி நல்லா விழுந்தா ஒரு ரேட்டு. நூலு மாதிரி ஒழுகுனா ஒரு ரேட்டு. வெள்ளம் வந்து போலீஸ் குளிக்க விடலைன்னா பாதி ரேட்டு, அதுலயும் ஆள் மூஞ்சியப் பாத்துக் கூட்டிக் கொறைக்கது."

சண்முகம் முன்னால் நகர்ந்தான். "ஹோட்டல் புக்கிங்குக்கு உலகத் தரத்துல லைப்ரரி இருக்கு அண்ணாச்சி. ஒரு நாள்ல மாட்டிரலாம்."

"அதுல அருவி உண்டா?"

"அருவி இல்ல. நீச்சல் குளம் இருக்கு."

அன்றைக்கு அக்கா முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. திரும்பி வருகிற பஸ் முழுக்க, "அருவி இல்லையாம்ல! அருவி இல்லையாம்ல!" என்று சண்முகத்தைக் குத்திக்கொண்டே வந்தாள்.

அந்தத் தண்ணீர்ப் பகுதியை எனக்குத் தந்தாள். மூன்று பொத்தான் வைத்தேன்: விழுது, ஒழுகுது, தடை. காலையில் அண்ணாச்சி எதை அமுக்குகிறாரோ அதன்படி வாடகை மாறும். மூஞ்சியைப் பார்ப்பதை எப்படிப் புரோகிராமாக எழுத? அந்த இடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அண்ணாச்சியே நிரப்பிக்கொள்ளட்டும் என்று வைத்தேன்.

"காலியா விடுததுக்கு ஒருத்தி வேணுமாட்டி?" என்றாள் அக்கா.

அடுத்து வந்தது தேதி. அண்ணாச்சியின் பழைய வாடிக்கையாளர்கள் போன் செய்தால் ஆகஸ்ட் என்று சொல்லமாட்டார்கள், ஆடி பதினெட்டு என்பார்கள். தமிழ்த் தேதியை அடித்தால் புரோகிராமே இங்கிலீஷ் தேதிக்கு மாற்றி ரூமை எடுத்துவைக்க வேண்டும். அதற்கு லைப்ரரி இருக்கிறது என்று சண்முகம் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுத உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் பரணில் கிடந்த ஒரு பழைய தினசரிக் காலண்டரை எடுத்து, எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணி, அப்படியே புரோகிராமில் அடித்து வைத்தாள். அந்தக் காலண்டரில் ஆனிக்கு முப்பத்திரண்டு நாள். ஆனி எல்லா வருடமும் ஒன்றுபோல வராது, சில வருடம், நாங்கள் எழுதிய வருடம் உட்பட, முப்பத்தொன்றிலேயே முடிந்துவிடும் என்பதை அந்த ஒற்றைக் காலண்டர் அவளுக்குச் சொல்லவில்லை.

சண்முகம் சும்மா இருக்கவில்லை. அக்காவைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஒரு லைப்ரரியை இறக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். அந்த லைப்ரரியை எழுதிய புண்ணியவான் மலையாளக் கணக்கை எடுத்துக்கொண்டு மாதப் பெயரை மட்டும் தமிழில் மாற்றியிருந்தார் என்பது அவனுக்குத் தெரியாது. மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம்தான் அவனுக்கு இல்லையே. மலையாளக் கணக்கில் சில வருடம் மாதம் ஒரு நாள் பிந்திப் பிறக்கும். அந்த வருடம் அப்படித்தான் பிறந்தது.

ஆக, அக்காவின் சொந்தக் கணக்கில் ஆடி ஒரு நாள் தாமதம். சண்முகத்தின் இரவல் கணக்கிலும் ஆடி ஒரு நாள் தாமதம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல வந்து நின்றன.

"பாத்தியாலே! ஒன் லைப்ரரியே எங்கிட்ட வந்துட்டு" என்றாள் அக்கா.

"நீங்கதாங்கா லைப்ரரிகிட்ட வந்திருக்கிய" என்றான் சண்முகம்.

ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் அன்றைக்குச் சேர்ந்து டீ குடித்தார்கள். இவ்வளவு நாள் சண்டை போட்டவர்கள் ஒரே விடையைச் சொல்கிறபோது அது தப்பாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கீழே மிக்சர் கடையில் தினசரிக் காலண்டர் தொங்கியது. லாட்ஜ் வரவேற்பறையில் அண்ணாச்சி தலைக்கு மேலேயே ஒன்று தொங்கியது. அவர் தினமும் காலையில் தாளைக் கிழிப்பார், ஆனால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவார், திரையைப் பார்க்கமாட்டார். நாங்கள் திரையைத் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டோம்.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் அண்ணாச்சி போன் செய்தார். "ஏட்டி, ஒங்க அக்காவக் கூட்டிக்கிட்டு ஒடனே இங்கன வா."

மூன்று பேரும் போனோம். லாட்ஜ் வாசலில் இரண்டு வேன் நின்றது. விருதுநகர்ப் பக்கத்துச் சொந்தபந்தம் மொத்தமும், அடுப்பு, அண்டா, குழந்தைகள் சகிதம் இறங்கியிருந்தது. வருடாவருடம் ஆடி பதினெட்டுக்கு இதே லாட்ஜில் இறங்குகிறவர்கள். போன வாரமே சொல்லி வைத்தவர்கள். எங்கள் புரோகிராம் அவர்களுக்கு ரூம்களை எடுத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் மறுநாளைக்கு.

போதாததற்கு, முந்தின நாள் மலையில் பெய்த மழையில் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. அண்ணாச்சி காலையிலேயே என் 'தடை' பொத்தானை அமுக்கியிருந்தார். வாடகை பாதியானதும், ஏற்கெனவே ரூமில் இருந்தவர்கள் வெள்ளம் வடிகிற வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார்கள். நான் எழுதியது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

கையில் கரண்டியோடு ஓர் அம்மாள் வாசலில் நின்று கேட்டாள்: "ஏன் அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வச்ச பெறகு ஆடிப்பெருக்கு ஒங்க ஊர்ல நாளைக்கா?"

அக்கா சண்முகத்தைப் பார்த்தாள். "எல்லாம் ஒன் லைப்ரரியால."

"புரோகிராம்ல ஓடுதது ஒங்க கணக்குக்கா. என் லைப்ரரி சும்மா பக்கத்துல நின்னுச்சு."

"அது சரின்னு சொன்னதாலதானே நானும் விட்டேன்?"

"நீங்க சொன்னதாலதாங்கா நானும் விட்டேன்!"

அண்ணாச்சி சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டார். "இத ஒருக்கா திரும்பிப் பாத்தா ரெண்டு பேருக்கும் கழுத்து சுளுக்கிருமா? சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா பொட்டியத் தூக்கிட்டுப் போயிருங்க. எனக்குப் பேப்பர் போதும்."

எனக்குச் செல்வி ஞாபகம்தான் வந்தது. அந்த வாரம்தான் அவள் காலேஜில் சேரக் கடைசி. வீட்டில் அம்மா புதுத் தட்டை வாங்கி வைத்திருந்தாள். சும்மா பார்த்து வைத்தேன் என்றாள்.

அக்கா அப்போது ஒரு காரியம் செய்தாள். கரண்டி அம்மாளிடம் போய், "எங்க வீட்டுக்கு வாங்க. மொட்டைமாடி பெருசு. சமைக்கலாம். அருவியும் இருக்கு" என்றாள்.

"வீட்லயா? அருவியா?"

"நானே செஞ்சது."

வேன்கள் தென்காசிக்குத் திரும்பின. சண்முகம் குழந்தைகளை எண்ணி ஏற்ற அவர்களோடு போனான். நான் லாட்ஜில் அண்ணாச்சி எதிரே உட்கார்ந்தேன்.

அக்கா வழியில் ஆனியைக் கணக்கிட வேண்டுமென்றால் வானத்தில் சூரியன் நகர்வதிலிருந்து தொடங்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ஆகாது. சண்முகம் வழியில் வேறு மூட்டை இறக்கலாம். அதில் எந்த ஊர்க் கணக்கு இருக்குமோ? நான் மூஞ்சியைப் பார்ப்பதற்கு விட்ட காலிக் கட்டத்தை நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டம் போட்டேன்.

"அண்ணாச்சி, கண்ணாடிய எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எந்த மாசம் எந்தத் தேதியில பொறக்குன்னு காலண்டரப் பாத்துச் சொல்லுங்க. நான் அடிக்கேன். வருசத்துக்கு ஒரு தடவ, புதுக் காலண்டர் வந்ததும் நீங்களே அடிச்சிருங்க. மிச்சத்த இது பாத்துக்கிடும்."

அவர் வாசிக்க வாசிக்க நிரப்பினேன். ஆடி பதினெட்டு அன்றைய தேதிக்கு வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு தமிழ்த் தேதியில் பதிவான ரூம்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இரண்டு பேருக்குப் போன் செய்து சொன்னோம்.

"இம்புட்டுதானா? இதுக்கா காலேஜுக்குப் போன?" என்றார் அண்ணாச்சி.

"போனதாலதான் சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுது அண்ணாச்சி."

அவர் பெட்டியைத் தூக்கச் சொல்லவில்லை. எனக்கு டீ சொன்னார்.

அக்கா வீட்டுக்கு நான் போனபோது மொட்டைமாடி திருவிழாவாக இருந்தது. முழு வேகத்தில் விட்ட அருவி தொட்டியை எப்போதோ காலி செய்துவிட்டு, மோட்டார் மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் பைப்புக்கு அடியில் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். விசிறியில் ஈரத்துணி காய்ந்தது.

கரண்டி அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "ஏம்மா, இது அருவியா அழுகுணியா?"

"வேகம் பத்தல. அடுத்த தடவ கூட்டிருதேன்" என்றாள் அக்கா. அவள் கையில் இலை இருந்தது. இலையில் அவர்கள் கிளறிய புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் இருந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்டதாகத் தெரியவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் இலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு கட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இது இரவல்ட்டி. காலண்டர்காரன் கணக்குல்லா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, இது சொந்த வேலை. ஒரு லைப்ரரிகூடக் கூப்பிடல" என்றான் சண்முகம். அவனும் அதைக் குற்றமாகத்தான் சொன்னான்.

இரண்டு கட்சிக்கும் பிடிக்காத வேலை என்றால் அது என்னுடையதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா எனக்கு வேலை உத்தரவு தந்தாள். அவளே எழுதிய புரோகிராமில் அடித்தது. வலது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் கடைசி ஒன்றிரண்டு எழுத்து காகிதத்துக்கு வெளியே போயிருந்தது. வீட்டில் செல்வி சத்தமாக வாசித்தாள்.

"'நிரந்த'ன்னு போட்டிருக்குக்கா. 'ரம்'மைக் காணோம்."

"கையெழுத்து இருக்காட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கு."

"அப்பப் போ. நாளைக்கே போய்ச் சேரு." அம்மா புதுத் தட்டைத் தூக்கி மிளகாய் வற்றல் காயப்போட எடுத்துக்கொண்டாள்.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். செல்வியும் என்னோடுதான். என் அலுவலகத்தில் எல்லாம் மூட்டை. நானும் எடுக்கிறேன், எடுக்கும்முன் பிரித்துப் பார்க்கிறேன். பிரித்துப் பார்ப்பதைக் கண்டு என் மேனேஜர் எரிச்சல்படுகிறபோது அக்காவை நினைத்துக்கொள்வேன்.

அவள் மாறவில்லை. அடுத்தவன் காலண்டரை நம்பி ஒரு புரோகிராம் ஓடுகிறது என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. சூரியனிலிருந்து தொடங்கி, தானே கணக்கிட்டு, தானே அச்சடித்து, தானே கம்பி கட்டி, ஒரு தினசரிக் காலண்டர் போட ஆரம்பித்துவிட்டாள். வருடாவருடம் பார்சலில் எனக்கும் ஒன்று வரும். தாள் கிழியாது, பிய்த்தால் மூன்று நாள் சேர்ந்து வரும். இந்த வருடம் வந்ததைச் செல்விதான் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, ஆனி கடைசியில ஒரு தாள் என்னமோ மாதிரி இருக்கு, பாரு."

வாங்கிப் பார்த்தேன். ஆனி முப்பத்தொன்றுக்கும் ஆடி ஒன்றுக்கும் நடுவில் ஒரு தாள். அதில் நாளும் இல்லை, கிழமையும் இல்லை. அக்கா பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தாள்: 'இந்தத் தாள் உண்டா இல்லையா என்பதை லாட்ஜ் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளவும்.'

கீழே அவர் போன் நம்பர் இருந்தது. கடைசி எண் மட்டும் காகிதத்துக்கு வெளியே போயிருந்தது.